பயிற்றுநராக இருந்தவர் போர் ஸ்குவாட்ரனுக்கு மாறியபோது

கேள்வி:
இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ராயல் விமானப் படையில் பயிற்றுநர்களாகப் பணியாற்றிய விமானிகளைப் பற்றிச் சில காலமாகப் படித்து வருகிறேன். போர்முனைக்கு அனுப்பும்படி ஓயாமல் விண்ணப்பித்தவர்களில் சிலர், குண்டுவீச்சு ஸ்குவாட்ரனுக்கு (விமானப் படைப்பிரிவுக்கு) மாற்றலாகி வந்த சில வாரங்களிலேயே மனம் கசந்து போனது ஏன்? 1,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவருக்கு அங்கே மதிப்பு கூடியிருக்க வேண்டாமா?

பதில் 1:
பயிற்சிப் பள்ளியில் பறந்த மணிநேரம் கணக்கு; ஸ்குவாட்ரனில் எதிரி வான்வெளிக்குப் போய்த் திரும்பிய தடவைகளே கணக்கு. 30 தாக்குதல்கள் முடித்தால்தான் ஒரு சுற்று நிறைவுபெறும். அந்தக் கணக்கில் நம்மவர் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். தன் குழுவுடன் புறப்படுவதற்கு முன், அனுபவமுள்ள ஒரு குழுவோடு இரண்டாம் விமானியாக அவர் போய்வர வேண்டியிருந்தது. பதவி எதுவானாலும் விமானத்தின் தலைவர் அதை ஓட்டுபவரே என்பதால், சில நூறு மணிநேரமே பறந்திருந்த ஒரு சார்ஜென்டின் அருகில், பதவியில் அவரைவிட உயர்ந்த ஃபிளைட் லெஃப்டினன்ட் ஒருவர் வாய் திறக்காமல் அமர்ந்திருக்க நேர்ந்தது. ஆனால் அந்த ஏற்பாடு சரியானது என்றே நான் கருதுகிறேன். தேடுவிளக்குகளுக்கு நடுவே எப்படிப் பறப்பது என்பதை அந்தச் சார்ஜென்ட் அறிந்திருந்தார், இவர் அறிந்திருக்கவில்லை.

பதில் 2:
மேலே சொன்னதோடு பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1917-இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற விமானி வகுத்த பயிற்சி முறையின் வழிவந்த பயிற்றுநர், விமானத்தில் தம்மையும் மாணவனையும் இணைக்கும் பேசுகுழாய் வழியாக மாணவனின் ஒவ்வொரு பிழையையும் அந்தக் கணமே எடுத்துச் சொல்லப் பழகியவர். உயரமும் திசையும் இம்மியும் பிசகாமல் பறப்பதே அவருடைய பெருமை. ஜெர்மனியின் மேலே இரவில் அப்படி நேர்கோட்டில் பறப்பவரை எதிரியின் போர் விமானம் எளிதில் வீழ்த்திவிடும். தாக்க வந்தால் சட்டென்று சரிந்து இறங்கி, திரும்பி, மீண்டும் ஏறும் 'கார்க்ஸ்க்ரூ' அசைவைச் செய்ய வேண்டும். கைக்குப் படிந்த நேர்த்தியைத் தாமே கலைப்பது எளிதன்று.

இருந்தாலும், என் பார்வையில் பெரிய வேதனை வேறு. குண்டுவீச்சுப் பிரிவில் பயிற்சியின்போதே 5,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பறக்கும் முறையில் உள்ள சிறு குறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பயிற்றுநரைவிட நன்கு உணர்ந்தவர் இல்லை. புதிய ஸ்குவாட்ரனில் ஓர் இளைஞர் ஓடுபாதையைத் தவறாக அணுகுவதைத் தரையில் நின்று பார்ப்பார்; திருத்தும் பொறுப்போ இப்போது அவருடையதன்று.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால், 1939 டிசம்பரில் கையெழுத்தான காமன்வெல்த் நாடுகளின் விமானப் பயிற்சித் திட்டத்தின்கீழ் கனடாவில் தேறிய சிறந்த மாணவர்கள் பலரை அங்கேயே பயிற்றுநர்களாக நிறுத்திக்கொண்டதும் இதில் சேருமா?

பதில் 1:
நிச்சயமாக. நன்றாகப் பறந்ததே அவர்களைத் தடுத்து நிறுத்தியது. அவர்கள் ஒருவழியாக ஸ்குவாட்ரனை அடைந்தபோது, உடன் படித்தவர்களில் சிலர் தங்கள் சுற்றை முடித்திருந்தார்கள்; வேறு பலர் உயிரோடு இல்லை. போர் முடியும்போது குண்டுவீச்சுப் பிரிவு இழந்தவர்கள் 55,573 பேர். வந்து சேர்ந்தவர், தாம் கேட்டறிந்த பெயர்களை உணவுக்கூடத்தில் தேடினால், பெரும்பாலும் புதிய முகங்களே இருந்தன.