நீரேரிக் கரையில் மதில் சூழ்ந்த வீட்டுத்திட்டம்: காணி வாங்கலாமா?

கோண்டாவிலான்:
அனைவருக்கும் வணக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களாகிய நானும் மனைவியும் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் தனியே வசிக்கிறோம்; பிள்ளைகள் இருவரும் ரொறன்ரோவில். தென்மராட்சியில் உப்பாற்று நீரேரியைப் பார்த்தபடி, சுற்றுமதிலும் காவலாளியும் பொது மின்பிறப்பாக்கியும் கொண்ட வீட்டுத்திட்டம் ஒன்றில் காணி வாங்கும்படி அவர்கள் வற்புறுத்துகிறார்கள். எங்கள் பாதுகாப்பை எண்ணி அவர்களுக்கு நித்திரை வருவதில்லை என்பது எனக்கு விளங்குகிறது. ஆயினும், வீட்டுக்கு வீடு கிணறு இல்லை, ஒரே குழாய்க்கிணற்றிலிருந்து எல்லோருக்கும் நீர் ஏற்றித் தரப்படும் என்று விற்பவர் சொன்னது மனத்தை உறுத்துகிறது. முற்பணம் கொடுக்கும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

நன்னீர்:
ஐயா, உங்கள் உறுத்தல் மிகவும் நியாயமானது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, உவர்நீரை விடப் பாரம் குறைந்தது என்பதனால் அதன் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே மேல்மட்டம் சிறிது தாழ்ந்தாலும் கீழிருந்து உவர் பல மடங்கு மேலேறும். நீரேரிக் கரையில் இந்த நன்னீர்ப் படை இன்னும் மெல்லியது. துலாவால் அள்ளிய காலத்தில் கிணறு ஆறி ஊறுவதற்கு நேரம் கிடைத்தது. பல குடும்பங்களுக்காக ஒரே புள்ளியில் நாள் முழுதும் இயந்திரம் இறைத்தால் அதன் கீழே உவர்நீர் கூம்பாக எழும்பும், அயலிலுள்ள தோட்டக் கிணறுகளும் கெடும்.

மார்கழியில் எந்தக் கிணறும் இனிக்கும். ஆகவே மழைக்கு முன், ஆவணி புரட்டாதியில், நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மலக்குழிகள் எங்கே அமைகின்றன, கழிவுநீர் சுத்திகரிக்கப்படுகிறதா என்பதையும் கேளுங்கள். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் அதை மீறிய கிணறுகள் பல உண்டு, தோட்டப் பசளையும் மலக்குழிகளும் அதற்குக் காரணம். 2024இல் தாளையடியில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் குழாய்நீர் வந்துவிடும் என்று விற்பவர் சொன்னால், அந்தக் காணிக்கு இணைப்பு உறுதி என்பதை எழுத்தில் கேளுங்கள்.

வெள்ளத்தையும் மறக்க வேண்டாம். 2008 கார்த்திகையில் நிஷா புயலின்போது அந்தக் காணியில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை அயலில் உள்ள முதியவர்களிடம் விசாரியுங்கள். அதை விற்பவரின் படத்தில் பார்க்க முடியாது.

உறுதிக்காரன்:
நீரைப் பற்றி மேலே சொல்லப்பட்டதுடன் முழுமையாக உடன்படுகிறேன். நான் காணி உறுதியை, அதாவது உரிமைப் பத்திரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மூலக்காணி பிரிபடாத பங்காக இருந்திருந்தால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமாகிய தேசவழமையின்படி இணை உரித்தாளர்களுக்கு முன்கொள்வனவு உரிமை, அதாவது வெளியாருக்கு முன் தாங்களே வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டப்படி அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்கப்பட்டதா என்று உங்கள் நொத்தாரிசு பார்க்கட்டும். நீரேரியை அண்டிய தாழ்நிலம் பெரும்பாலும் வயல் என்பதால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அதை நிரப்புவதற்கு எழுத்து மூல அனுமதி பெறப்பட்டதா என்பதும் முக்கியம். உள்வீதியும் குழாய்க்கிணறும் யாருடைய பெயரில் இருக்கின்றன? விற்றவரின் பெயரிலேயே இருந்தால், அவர் விலகிய பின் மோட்டாரைத் திருத்துவது யார் என்ற கேள்வி எழும். எங்கள் பழைய உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் தவறாமல் எழுதப்பட்டன. உங்கள் உறுதியிலும் அவை எழுதப்பட வேண்டும்.

கரைவாசி:
நான் அந்த நீரேரியின் கரையில் பிறந்தவள். மாரியில் வீச்சு வலையோடு இறாலுக்குப் போகிறவர்களும், கோடையில் மாடு மேய்ப்பவர்களும் காலங்காலமாக நடந்த ஒழுங்கைகள் அங்கே உண்டு. அத்தகைய ஒழுங்கை ஒன்றை மதில் அடைத்தால் காவலாளி வைத்தும் நிம்மதி கிடைக்காது. வழக்கும் மனக்கசப்பும் உங்கள் படலைக்கே வரும். அம்மாவுக்கும் ஐயாவுக்கும் அவசரம் என்றால் பிள்ளைகள் வந்து சேருமுன் ஓடிவரப் போகிறவர்கள் அந்த ஊர்ச்சனங்கள்தான். பாதுகாப்பைத் தேடுவதில் பிழையில்லை, என் தாயாருக்கும் அதையே விரும்புவேன். ஆனால் நில அளவைப் படத்தை வாங்கி, கரைக்குப் போகும் ஒழுங்கை அதில் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிராம அலுவலரிடமும் ஒருமுறை கேளுங்கள். அது திறந்தே இருக்கும் என்று விற்பவர் எழுதித் தந்தால், அதன் பிறகு முற்பணத்தைப் பற்றிப் பேசலாம்.