முத்துப்பிள்ளையோடு உயிருள்ள சிசு: மருத்துவர்களின் உதவி தேவை

மகப்பேறு, மகளிர் புற்றுநோய்த் துறை மருத்துவர்களுக்கு வணக்கம். இரட்டைக் கர்ப்பத்தில் ஒன்று முழு முத்துப்பிள்ளையாகவும் (சிசு உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் நீர்க்குமிழிகளாக வளரும் நிலை) மற்றொன்று உயிருள்ள சிசுவாகவும் அமைந்த நேர்வுகளை ஆய்வுக்காகத் தொகுத்து வருகிறேன்.

இதில் என்னை இறக்கியது ஒரு ஸ்கேன் படம்: ஒரு பக்கம் சீராகத் துடிக்கும் இதயம், அதை ஒட்டியே திராட்சைக் கொத்துப் போன்ற நீர்க்குமிழிகள். குழந்தை பிழைக்குமா என்று அந்தத் தாய் கேட்டபோது, அவருக்குச் சொல்லப் போதிய தரவு என்னிடம் இல்லை. 2002இல் பிரிட்டனிலிருந்து வெளியான, இத்தகைய 77 கர்ப்பங்களைப் பற்றிய ஆய்வில், கர்ப்பத்தைத் தொடர்ந்தவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். தொடர்ந்ததால் பின்னர் முத்துப்பிள்ளைத் திசுவிலிருந்து கட்டி நோய் வரும் அபாயம் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

ஒற்றைக் கர்ப்பத்திலேயே சிசுவோடு நஞ்சுக்கொடியின் ஒரு பகுதி இப்படி மாறும் பகுதி முத்துப்பிள்ளையில், பெரும்பாலும் சிசுவுக்கே இயல்பான 46க்குப் பதிலாக 69 குரோமோசோம்கள் இருப்பதால் அது பிழைப்பது மிக அரிது. ஆகவே இத்தகைய இரட்டைக் கர்ப்பத்தையும் பகுதி முத்துப்பிள்ளையையும் நீங்கள் எப்படி, எந்த வாரத்தில் பிரித்தறிந்தீர்கள் என்பதே எனக்கு முதன்மையான கேள்வி. பனிக்குட நீரில் குரோமோசோம் சோதனை, பிரசவத்துக்குப் பின் நஞ்சுக்கொடியில் பி57 சோதனை (முழு முத்துப்பிள்ளையை அடையாளம் காண உதவும் புரதச் சோதனை), எச்சிஜி என்னும் கர்ப்ப ஹார்மோனின் அளவு இயல்புக்குத் திரும்பிய காலம், ரத்தப்போக்கு, உயர் ரத்த அழுத்தம் ஆகிய விவரங்கள் இருந்தால், நல்ல முடிவோ துயர முடிவோ, நோயாளியின் அடையாளங்களை முற்றிலும் நீக்கி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு பகிருமாறு வேண்டுகிறேன்.