மன்னிக்காதவர் நற்கருணை வாங்கக் கூடாதா? ஒரு தவக்கால விவாதம்

முத்துநகர் மீனவன் | வெள்ளி, இரவு 9.40

இன்று மாலை சிலுவைப்பாதை, அதாவது இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாக நினைத்து ஜெபிப்பது. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய தவக்கால வெள்ளிகளில் எங்கள் பங்கில் கோயிலைச் சுற்றித்தான் நடப்போம். ஒவ்வொரு நிலைக்கும் ஒருவர் சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவார். பன்னிரண்டாம் நிலையில் எல்லாரும் மணலில் முழங்காலிட்டிருக்கும்போது சாமியார் சொன்னார்: "யாரையாவது மன்னிக்காமல் மனதில் வைத்திருப்பவர்கள் இந்த வருடம் உயிர்ப்பு ஞாயிறு அன்று நற்கருணை வாங்க வராதீர்கள்." எனக்கு முன்னால் இருந்த அக்கா எழுந்தார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே வெளியே போய்விட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த அக்காவின் மகன் பைக்கில் போகும்போது ஒரு மினி வேன் மோதி இறந்துபோனான். வேனை ஓட்டியவர் எங்கள் பங்குக்காரர்தான். குடித்திருந்தார் என்று ஊருக்கே தெரியும். இன்றுவரை அவர் அக்கா வீட்டுப் படி ஏறியதில்லை. இன்று பன்னிரண்டாம் நிலைக்குச் சிலுவை தூக்கியவர் அவர்.

சாமியார் சொன்னது சரியா? கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

லெந்துக்காரர் | வெள்ளி, இரவு 10.15

தம்பி, நாங்கள் பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ. தவக்காலம் என்று நீங்கள் சொல்வதை நாங்கள் லெந்து நாட்கள் என்போம். பெயர்தான் வேறு, வேதம் ஒன்று. மனது வலிக்கும், ஆனாலும் சொல்கிறேன்: உங்கள் சாமியார் சொன்னதில் தப்பில்லை. மத்தேயு 6-இல் ஜெபத்தைக் கற்றுக்கொடுத்த கையோடு ஆண்டவர் சொல்வது என்ன? மனுஷருக்கு நீங்கள் மன்னியாதிருந்தால் உங்கள் பிதாவும் மன்னியாதிருப்பார். இதில் விதிவிலக்கு எதுவும் இல்லை.

முடியாது என்பீர்கள். கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவை நினையுங்கள். 1999 ஜனவரி 22 இரவு, ஒடிசா மனோகர்பூரில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கணவர் கிரஹாமையும் இரண்டு மகன்களையும் தீ வைத்துக் கொன்றார்கள். பிலிப்புக்கு 10 வயது, திமொத்திக்கு 6. அந்த அம்மா கொன்றவர்களை மன்னித்தார்கள். மன்னித்ததோடு 2004 வரை பாரிபதாவிலேயே இருந்து தொழுநோயாளர் இல்லத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு விதவையால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?

தனிச்சபை சகோதரன் | வெள்ளி, இரவு 10.31

ஸ்தோத்திரம் பிரதர். முதலில் லெந்து என்று ஒன்று வேதத்தில் எங்கே இருக்கிறது? சாம்பல் பூசுவது, நாற்பது நாள், ஊதாத் துணி எல்லாம் மனுஷர் ஏற்படுத்திய பாரம்பரியம். மன்னிப்புக்கு சீசன் கிடையாது.

பாதி விசுவாசி | வெள்ளி, இரவு 10.38

சீசன் கிடையாது என்பது சரி, ஆனால் கேள்வி அது இல்லையே. லெந்து வேண்டுமா வேண்டாமா என்பதற்கு வேறு இழை திறவுங்கள், அங்கே சண்டை போடலாம்.

லெந்துக்கார ஐயாவுக்கு: "ஒரு விதவையால் முடிந்தது" என்ற வரியை அந்த அக்கா முகத்தைப் பார்த்து உங்களால் சொல்ல முடியுமா? கிளாடிஸ் அம்மா செய்தது பெரிய காரியம். அவர்களாக, யாரும் கேட்காமல் செய்தார்கள். அதை எடுத்து இன்னொருத்தி தலையில் அளவுகோலாக வைக்கும்போது அது வேறு பொருளாகிவிடுகிறது. அப்புறம், 2003-இல் தண்டனை அறிவித்தபோது அவர்கள் சொன்ன இன்னொன்றை நீங்கள் விட்டுவிட்டீர்கள். மன்னிப்பு ஒன்று, குற்றத்தின் விளைவு ஒன்று, இரண்டையும் குழப்பக் கூடாது என்றார்கள். மன்னித்தார்கள், ஆனால் வழக்கை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. 2011-இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது வரை அது நடந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் இப்போது கோயிலுக்குப் போவது அம்மாவைக் கொண்டுபோய் விடத்தான். பாதிப் பூசையில் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நிற்பேன். மாற்கு 9-இல் பேய் பிடித்த பையனின் அப்பா, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறுவார். வேதத்தில் இன்றும் என்னால் வாய்விட்டுச் சொல்ல முடிகிற ஜெபம் அது ஒன்றுதான்.

லெந்துக்காரர் | வெள்ளி, இரவு 11.02

அந்த அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டேன். அது உண்மை. ஆனால் வசனத்தை நான் எழுதவில்லை. மத்தேயு 18-இல் பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்டவன், வெளியே வந்ததும் நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன் வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்தான். கடைசியில் எஜமான் அவனை என்ன செய்தான்? சிலுவையில் ஆண்டவர் "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்றாரே, எதிரே நின்றவர்களில் யார் காலில் விழுந்து கேட்டார்கள்?

பாதி விசுவாசி | வெள்ளி, இரவு 11.20

நல்ல இடத்தைத் தொட்டீர்கள் ஐயா. அந்த வசனத்தை இன்னொரு தரம் வாசியுங்கள். "நான் உங்களை மன்னிக்கிறேன்" என்று அவர் சொல்லவில்லை. பிதாவிடம் ஒப்படைக்கிறார். கல்லெறி வாங்கும்போது முதல் இரத்தசாட்சி ஸ்தேவானும் அப்படித்தான்: "ஆண்டவரே, இவர்கள்மேல் இந்தப் பாவத்தைச் சுமத்தாதிரும்." வலியின் உச்சத்தில் இருப்பவர், என்னால் தூக்க முடியாது நீர் தூக்கும் என்று மேலே கொடுப்பது போல இருக்கிறது எனக்கு.

மத்தேயு 18-இல் அந்த வேலைக்காரர்கள் இரண்டு பேருமே முதலில் காலில் விழுந்தவர்கள். "என்னிடத்தில் பொறுமையாயிரும், கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று கெஞ்சியவர்கள். லூக்கா 17:3 இன்னும் தெளிவு: கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னி. மினி வேன்காரர் எப்போது மனஸ்தாபப்பட்டார்? அக்காவுக்கு இட்ட நிபந்தனையில் பாதியை சாமியார் அவருக்கும் இட்டாரா? சிலுவை தூக்கக் கூப்பிட்டிருக்கிறார்.

மட்டுநகரான் | சனி, காலை 6.05

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். இரவெல்லாம் இந்த இழையை வாசித்தேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எங்கள் ஊர் சீயோன் தேவாலய முற்றத்தில் ஞாயிறுப் பாடசாலை முடித்து நின்ற பிள்ளைகள் நடுவில் குண்டு வெடித்தது. அதே காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் நீர்கொழும்பு கட்டுவப்பிட்டிய செபஸ்தியார் கோயிலிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் வெடித்தது. நாடு முழுக்க 260-க்கும் மேலான உயிர்கள். நான் சீயோன் சபைக்காரன் இல்லை, கத்தோலிக்கன். நாற்பது நாள் ஒறுத்தல் முடித்துப் புது உடுப்புப் போட்டிருந்த காலை. அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் இரத்தம் கொடுக்க நின்ற வரிசையில் என் முன்னால் நின்றவர் ஒரு முஸ்லிம் கடைக்காரர். அவர் ஒரு சொல்லும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என் சட்டையில் காலைப் பூசையின் ஊதுபத்தி மணம் அப்போதும் இருந்தது.

அடுத்த வருட உயிர்த்த ஞாயிறுக்கு, கொரோனாவால் தொலைக்காட்சியில் நடந்த பூசையில், கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை நாங்கள் மன்னித்துவிட்டோம் என்றார். எனக்கு வயிறு எரிந்தது. "நாங்கள்" என்றால் யார்? பிள்ளையைப் புதைத்தவர்களிடம் கேட்டீர்களா? அதற்குப் பிறகு இரண்டு வருடம் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவுப் பூசையான பாஸ்கா திருவிழிப்புக்கு நான் போகவில்லை. கடவுள் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, இருக்கிறார் என்று பாடவும் வாய் வரவில்லை.

ஆனால் அதே கர்தினால்தான் 2021 மார்ச் 7 அன்று கறுப்பு ஞாயிறு அறிவித்தார். தாக்குதலுக்குப் பின்னால் இருந்தவர்களை அரசு வெளியே கொண்டுவரவில்லை என்று மக்கள் கறுப்பு உடுத்திப் பூசைக்குப் போனார்கள். அது தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. பீடத்தில் தவக்கால ஊதா, மக்கள் அமர்ந்த வாங்குகளில் கறுப்பு. மன்னித்தேன் என்று சொன்ன வாயே நீதி எங்கே என்றும் கேட்டது. அன்றுதான் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது.

முத்துநகர் மீனவன் | சனி, காலை 7.30

ஐயா, 2021 என்றால் பூசை வாசகங்களின் மூன்றாண்டு வட்டத்தில் இரண்டாம் ஆண்டு. தவக்கால மூன்றாம் ஞாயிறு நற்செய்தி யோவான் 2. இயேசு கயிறுகளால் சாட்டை பின்னி, கோயிலில் நாணயம் மாற்றுவோரின் மேசைகளைக் கவிழ்க்கும் பகுதி. கறுப்புச் சட்டையோடு அதைக் கேட்டிருக்கிறார்கள்.

மட்டுநகரான் | சனி, காலை 7.52

அது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி தம்பி.

இன்னொன்று. 2023 ஜனவரியில் எங்கள் உயர் நீதிமன்றம் (உங்கள் ஊர்க் கணக்கில் உச்ச நீதிமன்றம்) முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எச்சரிக்கை வந்தும் தடுக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. அந்த மாதக் கடைசியிலேயே அவர் கத்தோலிக்கரிடம் மன்னிப்புக் கேட்டார். தீர்ப்பு வருமுன் ஏன் கேட்கவில்லை? இதைத்தான் லெந்துக்கார ஐயா யோசிக்க வேண்டும். மன்னிப்பு என்று கேட்பதெல்லாம் மனஸ்தாபம் இல்லை.

லெந்துக்காரர் | சனி, காலை 11.10

மட்டுநகர் ஐயா, உங்கள் முதல் பதிவைக் காலையில் வாசித்துவிட்டு எழுத முடியாமல் வைத்துவிட்டேன். இப்போதும் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். மனஸ்தாபம் வந்தால்தான் மன்னிப்பேன் என்று நாம் உட்கார்ந்தால், சாவி குற்றவாளியின் கையில் போய்விடுகிறதே? அவன் கடைசிவரை வரவில்லை என்றால் அந்த அக்கா கடைசிவரை அந்தச் சிறையில் இருக்க வேண்டுமா? என் சொந்த அண்ணன் அப்பாவின் வீட்டை ஒரே கையெழுத்தில் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். பதினெட்டு வருடம் பேசாமல் இருந்தேன். அவர் கேட்கவே இல்லை. கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அடக்க ஆராதனையில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான், இத்தனை வருடம் யாருக்காகக் கோபத்தைக் காவல் காத்தேன் என்று விளங்கியது. அந்தப் பயத்தில்தான் நான் இப்படிப் பேசுகிறேன், வசனத்தை வைத்து அடிக்க இல்லை.

பாதி விசுவாசி | சனி, மதியம் 12.45

இதை முதலிலேயே எழுதியிருந்தால் நான் பாதிதான் சண்டை போட்டிருப்பேன் ஐயா.

ஒரு மொழிக் கிறுக்கு. ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் நீங்கள் சொல்வது "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல". கடன், கணக்கு, வரவு செலவு. கத்தோலிக்கர் இன்று சொல்வது "எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் மன்னிப்பதுபோல". ஆனால் என் பாட்டி சொன்ன பழைய பரலோக மந்திரம் வேறு: "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல, எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்." பொறுப்பது. மன்னிப்பதும் அதுதான், தாங்குவதும் அதுதான், காத்திருப்பதும் அதுதான். "கொஞ்சம் பொறு" என்கிறோமே. அந்த அக்கா இரண்டு வருடமாகச் செய்வது அந்தப் பழைய சொல்லில் அடங்கும் என்று நினைக்கிறேன். பழிவாங்கவில்லை, அவர் வேன் கண்ணாடியை உடைக்கவில்லை, அதே கோயிலுக்கு வந்து அதே மணலில் முழங்காலிடுகிறார்கள். இன்னும் என்ன வேண்டும்?

தனிச்சபை சகோதரன் | சனி, மதியம் 1.05

பிரதர், மூல பாஷையில் மத்தேயு கடன் என்றுதான் எழுதியிருக்கிறார். பாட்டி மந்திரத்தை வைத்து உபதேசம் உண்டாக்க வேண்டாம்.

பாதி விசுவாசி | சனி, மதியம் 1.09

கடன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாங்கவே இல்லை என்று சாதிப்பவனுக்கு எந்தக் கடனைத் தள்ளுபடி செய்வது?

முத்துநகர் மீனவன் | ஞாயிறு, இரவு 8.20

எல்லாருக்கும் நன்றி. எங்கள் பழைய ஞானோபதேசத்திலேயே ஒன்று இருக்கிறது, எனக்குத்தான் மறந்துவிட்டது. பாவசங்கீர்த்தனம் என்றால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிவிட்டு எழுந்து வருவது மட்டும் இல்லை. மனத்துயர் வேண்டும், அறிக்கை வேண்டும், அப்புறம் பரிகாரம் வேண்டும். மினி வேன்காரருக்கு இதில் எது முடிந்தது என்று இன்று பூசைக்குப் பின் சாமியாரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அவர்தான் வண்டி ஓட்டினார் என்று எனக்குத் தெரியாது" என்றார். இந்தப் பங்குக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. நம்புகிறேன்.

மாலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். பெரிய வெள்ளிக் கஞ்சிக்குப் பயறு புடைத்துக்கொண்டிருந்தார்கள். வருடா வருடம் கோயிலுக்கு அவர்கள் வீட்டுப் பயறுதான். இங்கே நடந்த விவாதத்தைப் பற்றிச் சொன்னேன். முறத்தை நிறுத்தாமலே கேட்டார்கள்.

"சாமி சொன்னதுக்கு மட்டும் நான் எந்திரிச்சுப் போகல தம்பி. அவன் சிலுவையை இறக்கி வச்சுட்டு என் பக்கத்துல வந்து முழங்கால் போட்டான். சாராய வாடை. அதான்."

அப்புறம் சொன்னார்கள்: "பரலோக மந்திரத்துல அந்த ஒரு வரி வரும்போது வாயை மூடிக்கிடுவேன். மத்ததெல்லாம் சொல்லுவேன். ரெண்டு வருஷமா அப்படித்தான். பொய் சொல்லக் கூடாதுல்ல?"

நான் பதில் சொல்லவில்லை. கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு உதவி. அக்கா இழப்பீட்டு மனு போட்டிருக்கிறார்கள், வாய்தா மேல் வாய்தா. வரும் புதன்கிழமை மறுபடி இருக்கிறது. போட்டிருந்த வக்கீல் இப்போது போனை எடுப்பதில்லை. மோட்டார் விபத்து வழக்கு பார்க்கிறவர் யாராவது தெரியுமா?

லெந்துக்காரர் | ஞாயிறு, இரவு 8.41

எங்கள் சபையில் ஒருவர் இருக்கிறார், இந்த வழக்குகள்தான் பார்க்கிறார். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் நகல் எடுத்து வையுங்கள். புதன்கிழமை நானும் பஸ் ஏறி வருகிறேன்.