பேசப் பேச வரைவது: தமிழ்ப் பேச்சுக்கு எப்படிச் செய்கிறீர்கள்?

தாழம்பூ:

எல்லோருக்கும் வணக்கம். மதுரைக்காரி நான், சிறுவர் இதழ்களுக்குப் படம் வரைகிறேன், ஏழு வருடமாக அதுதான் தொழில். போன மாதம் கண்மாய் பராமரிப்பு பற்றி ஒருநாள் கூட்டம் நடத்தியவர்கள், மேடைக்குப் பக்கத்தில் பலகை போட்டுத் தருகிறோம், பேசுகிறவர்கள் பேசப் பேச நீங்கள் படமாக வரைந்துகொண்டே வாருங்கள் என்று கேட்டார்கள். இதற்கு கிராஃபிக் ரெக்கார்டிங் என்று பெயர் என்பது தெரியும், வெளிநாட்டுக் கூட்டங்களில் செய்வதை யூடியூபில் நிறையப் பார்த்திருக்கிறேன். வரையத் தெரியும், தமிழ் தெரியும், அப்புறம் என்ன என்று ஒத்துக்கொண்டேன்.

முதல் பேச்சாளர் தொடங்கிப் பத்து நிமிடத்திலேயே இரண்டு சார்ட் தாள் தீர்ந்துவிட்டது, அதில் முக்கால்வாசி எழுத்துதான். "நீர்ப்பிடிப்புப் பகுதி ஆக்கிரமிப்பு" என்று எழுதி முடிப்பதற்குள் அவர் அடுத்த இரண்டு விஷயங்களைத் தாண்டிப் போய்விட்டார். அதைவிட வருத்தமான ஒன்று மத்தியானம் நடந்தது. ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், "கண்மாயையெல்லாம் நன்றாக ஆழமாகத் தோண்டிவிட்டால் தண்ணீர் நிறைய நிற்கும், விவசாயம் செழிக்கும் என்று..." என்று இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் மடமடவென்று ஒரு ஜேசிபி, ஒரு பெரிய பள்ளம், பக்கத்தில் பச்சை வயல் என்று வரைந்து அம்புக்குறியும் போட்டுவிட்டேன். அப்போதுதான் அவர் "...சொல்கிறார்களே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்" என்று முடித்தார். கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுகிற மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது, பள்ளத்திலேயே கிடக்கும் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. பலகையில் இருந்தது அதற்கு நேர் எதிர். மேலே வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்தேன், கை நடுங்கியது.

அடுத்த மாதம் பாரம்பரிய நெல் விதைகள் பற்றி இரண்டு நாள் கூட்டம், அதற்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். விட்டுவிட மனமில்லை. தமிழ்ப் பேச்சின் வேகத்துக்கு எப்படி ஈடுகொடுக்கிறீர்கள், தாளா ஐபேடா, இதனால் கூட்டத்துக்கு உண்மையில் ஏதாவது பயன் இருக்கிறதா அல்லது மேடை அலங்காரம்தானா, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மைக்கூடு:

தாழம்பூ, அந்த ஜேசிபி விஷயத்தை மனதில் போட்டு உழற்றிக்கொள்ளாதீர்கள், தமிழில் இந்த வேலை செய்கிற எல்லோரும் ஒருமுறையாவது அதில் விழுந்திருப்போம். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது, "இல்லை", "கூடாது", "மாட்டேன்" எல்லாம் அதற்கும் கடைசியில் வருகின்றன. ஆங்கிலத்தில் மறுப்பு வாக்கியத்தின் முன்பாதியிலேயே வந்துவிடும், அதனால் அவர்கள் கேட்கும்போதே வரையலாம். அந்த வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கை, தமிழ்ப் பேச்சில் அவசரப்பட்டுவிடும். நான் செய்வது இதுதான்: வாக்கியம் ஓடும்போது பெயர்ச்சொற்களை மட்டும் இடது கையில் இருக்கும் சின்ன நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்வேன், கண்மாய், ஜேசிபி, வயல் என்று. வினை விழுந்த பிறகுதான் மார்க்கர் பலகையைத் தொடும். இரண்டு மூன்று வாக்கியம் பின்தங்கியே இருப்பேன், அந்த இடைவெளியை விரட்டிப் பிடிக்க முயல்வதே இல்லை. நம் பேச்சாளர்கள் ஒரே விஷயத்தை மூன்று விதமாகத் திரும்பச் சொல்கிறவர்கள், அந்த நேரம் நமக்கானது.

இதிலேயே இரண்டு வேலைகள் இருக்கின்றன, அதையும் பிரித்துக்கொள்ளுங்கள். சுவரில் பெரிதாக எல்லோரும் பார்க்க வரைவது 1970களில் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் உருவான பழக்கம், டேவிட் சிபெட் 1977இல் தொடங்கிய தி குரோவ் நிறுவனம் அதைத் தொழிலாகவே வளர்த்தது. அங்கே கூட்டத்தில் இருப்பவர்கள் தாங்கள் சொன்னதைச் சுவரில் பார்த்து அதன்மேல் மேலும் பேச வேண்டும் என்பதுதான் நோக்கம். ஸ்கெட்ச்நோட் என்று இப்போது சொல்வது வேறு. மைக் ரோடி என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், பெரிய நோட்டில் எல்லாவற்றையும் எழுதி எழுதிச் சலித்துப்போய், 2007இல் ஒரு சட்டைப்பை நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, தனக்கு முக்கியம் என்று பட்டதை மட்டும் எழுத்தும் படமுமாகக் குறித்ததில் தொடங்கியது அது. நீங்கள் சுவர் வேலையை ஒத்துக்கொண்டு, மனதுக்குள் இதழுக்குப் படம் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இதழில் ஒரு மாட்டை அழகாக வரைய வேண்டும். இங்கே நான்கு கோட்டில் மாடு வந்தால் போதும், மிச்ச நேரம் காதுக்கு.

எழுத்து பற்றி. தமிழ் இடம் பிடிக்கும் மொழி, பக்கவாட்டில் மட்டும் இல்லை, மேலும் கீழும். கீ, வீ மேலே ஏறும், மு, ழு, ஞு கீழே இறங்கும், அதனால் வரிக்கு வரி தாராளமாக இடம் விட வேண்டும். இருபது அடி தூரத்தில் இருப்பவர் படிக்க எழுத்து இரண்டு அங்குல உயரமாவது வேண்டும். புள்ளியைச் சின்னதாக வைத்தால் தூரத்தில் மறைந்துவிடும், உருண்டையாக நிரப்பி வையுங்கள். தொடர்களைச் சுருக்கப் பழகுங்கள். "நீர்ப்பிடிப்புப் பகுதி ஆக்கிரமிப்பு" என்பதற்குக் கண்மாய்க்குள் ஒரு வீட்டை வரைந்து "ஆக்கிரமிப்பு" என்று ஒற்றைச் சொல் போதும், எந்த இடம் என்பதைப் படம் சொல்லிவிடும். படம் சொன்னதை எழுத்து திரும்பச் சொல்ல வேண்டாம்.

சார்ட் தாளை விடுங்கள். ஜெராக்ஸ் கடையில் கட்டட வரைபடம் எடுக்கிற 36 அங்குல அகல பிளாட்டர் ரோல் கிடைக்கும், அதை எட்டுக்கு நாலு பிளைவுட்டில் நீளவாக்கில் ஒட்டினால் நடுவில் தாள் மாற்ற வேண்டியதில்லை. பெர்மனென்ட் மார்க்கர் வேண்டாம், ஊறிப் பலகையில் இறங்கும், நாள் முழுக்க அந்த நெடியில் நின்றால் தலைவலிதான். தண்ணீர் மை, சாய்வு முனை. ஜெர்மனியின் நியூலாண்ட் மார்க்கர்கள் இதற்கென்றே செய்யப்படுபவை, மை தீர்ந்தால் நிரப்பிக்கொள்ளலாம், ஆனால் இங்கே விலை அதிகம், முதலில் அவை தேவையே இல்லை. கறுப்பு ஒன்று, ஒரு வண்ணம், நிழலுக்குச் சாம்பல் ஒன்று, அவ்வளவுதான்.

பயிற்சிக்குப் பட்டிமன்றம் கேளுங்கள், நான் அப்படித்தான் பழகினேன். பலகை தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடும், ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம், நடுவர் தீர்ப்புக்கு நடுவில் கொஞ்சம் இடம் காலியாக விட வேண்டும். அந்தக் காலி இடத்தை விட்டுவைக்கப் பழகுவதுதான் பெரிய பாடம்.

பிக்சல்பாண்டி:

தாளா ஐபேடா என்ற கேள்விக்கு மட்டும். ஐநூறு பேர் மண்டபம் என்றால் ஐபேட், ஐம்பது பேர் என்றால் தாள். ஐபேடில் ப்ரோகிரியேட் என்ற வரையும் செயலி வைத்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: சாதாரணமாகத் திரையை இணைத்தால் நீங்கள் பெரிதாக்குவதும் சுருக்குவதும் திருப்புவதும் எல்லாமே பின்னால் ஆடும், பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். அமைப்புகளில் ப்ராஜெக்ட் கேன்வாஸ் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் பெரிய திரையில் முழுப் படம் அசையாமல் நிற்கும், உங்கள் கையில் மட்டும் பெரிதாகும். முதல் நாள் சாயங்காலமே போய் அவர்கள் புரொஜெக்டரில் போட்டுப் பார்த்துவிடுங்கள். வரைந்ததெல்லாம் வேகமாக ஓடும் வீடியோவாகவும் சேமிக்கப்படும், கூட்டம் நடத்துபவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்ப அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஆனால் ஐபேடில் வரைந்ததை யாரும் வந்து தொட்டுப் பார்ப்பதில்லை. டீ இடைவேளையில் தாள் பலகை முன்னால் நிற்கிற கூட்டம் திரை முன்னால் நிற்பதில்லை, இது நான் பலமுறை பார்த்தது.

குளத்தங்கரை:

மைக்கூடு தம்பி சொன்னதெல்லாம் சரி. நான் வரைபவள் இல்லை, முப்பது வருடம் இராமநாதபுரம், சிவகங்கை பக்கம் கிராமங்களில் தொண்டு நிறுவன வேலை பார்த்தவள். தாழம்பூ, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குத்தான் பதில் சொல்ல வந்தேன்.

80களின் கடைசியில் இந்தியாவில் பி.ஆர்.ஏ. முறை பரவியது, பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்போம், ஊர்க்காரர்களே தங்கள் ஊர் நிலவரத்தை வரைந்து பேசி அலசுவது. கர்நாடகத்தில் மைராடா போன்ற நிறுவனங்கள் அதில் முன்னால் நின்றன, இங்கிலாந்துக்காரரான ராபர்ட் சேம்பர்ஸ் எழுதியும் பேசியும் உலகத்துக்குக் கொண்டுபோனார். குச்சியைக் கையில் கொடு என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். தரையில் ஊர் வரைபடம் போடும் குச்சி ஊர்க்காரர் கையில் இருக்க வேண்டும், நம் கையில் இருக்கக் கூடாது.

ஒருமுறை ஒரு ஊரில் கோயில் முன்னால் வள வரைபடம் போட்டோம். எல்லாரும் தயங்கியதால் எங்களுடன் வந்த பையன் தானே கோலமாவை எடுத்துக் கண்மாயை வரைந்து, மிகுதித் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கலுங்கைக் கரையின் நடுவில் போட்டான். அதுவரை தள்ளி நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் விறுவிறுவென்று வந்து, காலாலேயே அந்தக் கோட்டை அழித்தார். "கலுங்கு கரைக்கடைசியில இருக்கு தம்பி, அதுவும் மேட்டுல. நடுவுல இருக்கிறது மடை, அதுவும் மூணுல ஒண்ணு தூந்து போச்சு" என்று குனிந்து மாவை அள்ளினார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் யாரும் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. எந்த மடை எப்போது தூர்ந்தது, வரத்துக்கால் எங்கே அடைபட்டது, யார் வயல் கடைமடை என்று செங்கல் பொடியும் புளியங்கொட்டையும் வைத்து அவர்களே அடித்துப் பேசி முடித்தார்கள். பெண்கள் தனியாகப் போட்ட படத்தில் ஆண்கள் மறந்த ஊருணி படித்துறை இருந்தது.

அந்தப் பையன் தவறாக வரைந்ததால்தான் பெரியவர் வாய் திறந்தார், அதை நான் இன்றுவரை நினைப்பதுண்டு. நீங்கள் அந்த ஜேசிபியைத் தாள் ஒட்டி மறைத்திருக்க வேண்டாம் அம்மா. அதன்மேல் சிவப்பில் ஒரு குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் மடையை வரைந்து, பள்ளம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று காட்டியிருந்தால், அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவரும் அவர் சொன்னதைப் புரிந்துகொண்டிருப்பார்கள்.

இன்னொன்று, பேசுகிறவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். நாம் கண்மாய், மடை, கலுங்கு என்போம், வடக்கே ஏரி, மதகு, கலங்கல் என்பார்கள். காஞ்சிபுரத்துக்காரர் ஏரி என்று சொன்னதைக் கண்மாய் என்று எழுதினால் அது அவர் ஏரி இல்லை. விதைக் கூட்டத்தில் இது இன்னும் அதிகம். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், குழியடிச்சான் என்று பெயர்கள் வரும்போது பெயரைச் சுருக்கிவிடாதீர்கள், அவர்கள் பாடுபட்டுக் காப்பாற்றி வைத்திருப்பதில் அந்தப் பெயரும் ஒன்று.

நிலாச்சோறு:

நான் பள்ளி ஆசிரியர், ஒரு மாற்றுக் கருத்து சொல்லலாமா. வரைந்து குறிப்பெடுத்தால் நினைவில் நிற்கும் என்று எல்லோரும் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் செய்து 2016இல் வெளியான ஆய்வில், சொற்களை எழுதியவர்களைவிட அந்தச் சொற்களுக்குப் படம் வரைந்தவர்கள் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் சரி, ஒரு சொல்லுக்கு நான்கே விநாடி கொடுத்தாலும் சரி, அந்தப் பலன் இருந்தது. ஆனால் கவனியுங்கள், பலன் கிடைத்தது வரைந்தவர்களுக்கு. கூட்டத்தில் நீங்கள் ஒருவர் வரைய முந்நூறு பேர் வேடிக்கை பார்த்தால், அதிகம் நினைவில் வைத்திருக்கப் போவது நீங்கள்தான். அதனால் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துவிடச் சொல்லுங்கள், ஒவ்வொரு பேச்சும் முடிந்ததும் இரண்டு நிமிடம். என் ஏழாம் வகுப்பில் செய்கிறேன், எனக்கு வரைய வராது என்று சொல்கிற பிள்ளைகள்தான் கடைசியில் தாளைக் கொடுக்க மறுக்கிறார்கள்.

இன்னொரு கவலையும் உண்டு. சுவரில் இருப்பதைத்தான் எல்லோரும் போட்டோ எடுத்துப் போகிறார்கள், அதுவே கூட்டத்தின் பதிவாகிவிடுகிறது. வரைபவருக்குப் பிடிக்காத பேச்சு ஒரு மூலையில் சின்னதாகப் போய்விட்டால் யாருக்குத் தெரியும்? கெட்ட எண்ணம் இல்லாமலே அது நடக்கும். பதினைந்து நிமிடம் பேசிய விவசாயிக்கும் முக்கால் மணி நேரம் பேசிய அதிகாரிக்கும் பலகையில் எவ்வளவு இடம் என்பதை முன்கூட்டியே யோசித்துவிட்டுப் போங்கள்.

தாழம்பூ:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. மைக்கூடு அண்ணா, நேற்று ராத்திரி ஒரு பட்டிமன்றம் போட்டு உட்கார்ந்தேன், வினைக்காகக் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது, கை தானாக ஓடுகிறது. மூன்றாவது பேச்சாளருக்கு வரும்போது கொஞ்சம் பிடிபட்டது. பிளாட்டர் ரோல் விசாரித்துவிட்டேன், கிடைக்கிறது.

நிலாச்சோறு சார், நீங்கள் சொன்ன இடப் பங்கீட்டைப் பென்சில் கட்டமாகவே முதலில் போட்டுக்கொள்ளப் போகிறேன். தாளும் பென்சிலும் தருவதற்கு நடத்துபவர்கள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

குளத்தங்கரை அம்மா, உங்களிடம்தான் இன்னொன்று கேட்க வேண்டும். இரண்டாம் நாள் மத்தியானம் முழுக்க விவசாயிகள் தங்களுக்குள் பேசுவதற்காக ஒதுக்கியிருக்கிறார்கள், மேடைப் பேச்சு இல்லை. அந்த நேரத்தில் நான் பலகையை விட்டு விலகி, எந்த ஊரில் எந்த நெல் இன்னும் இருக்கிறது என்று அவர்களையே வரையச் சொல்லலாமா? மண்டபத்துத் தரை மொசைக்.

குளத்தங்கரை:

தாராளமாகச் செய்யலாம். மொசைக்கில் கோலமாவு சறுக்கும், காற்றாடி போட்டால் பறக்கும். வெளியே வேப்பமரத்தடி ஏதாவது இருந்தால் அங்கே உட்கார வையுங்கள், இல்லையென்றால் உள்ளேயே பழைய ஃப்ளெக்ஸைத் திருப்பிப் போட்டு, அதன்மேல் சாக்பீஸ். விதை கொண்டுவருகிறவர்களிடம் ஒவ்வொரு ரகத்திலும் ஒரு பிடி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அந்தந்த ஊர் இருக்கும் இடத்தில் அந்த நெல்லையே வைக்கச் சொல்லலாம். நீங்கள் முதல் கோடு போட வேண்டாம். வைகை எங்கே ஓடுகிறது என்று மட்டும் கேட்டுவிட்டு, சாக்பீஸை யாராவது வாங்கிக்கொள்ளும் வரை கையில் நீட்டிக்கொண்டே இருங்கள். ஐந்து நிமிடம் கூட ஆகலாம், நடுவில் பேசிவிடாதீர்கள்.