நொய்யல்ல படகே போகாதே, அப்புறம் கொடுமணல் எப்படி?

கரூர்ப்பையன்:
நொய்யல் ஆத்துல இருக்கற ஒரத்துப்பாளையம் அணையைப் பாத்துட்டு, அப்படியே ஆத்தோரமா இருக்கற பழைய ஊரு கொடுமணலுக்கும் போயிட்டு வந்தோம். ரோமாபுரி வரைக்கும் யாவாரம் பண்ணின ஊருங்கறாங்க. ஆத்தைப் பாத்தா நம்பவே முடியல. துறைமுகமும் இல்ல, பெருசா தண்ணியும் இல்ல. அங்க போயி எதுக்கு ஊரு கட்டினாங்க?

சென்னிமலையான்:
படகை விடுங்க தம்பி. சரக்கு ஆத்துல போகல, ஆத்தோரமாப் போச்சு. மேக்கால கேரளக் கரையில முசிறித் துறைமுகம், கிழக்கால சேரரோட கரூர். நடுவுல மலையில இருக்கற ஒரே பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். அதைத் தாண்டினா வெள்ளலூர். அங்க ரோமானியக் காசு புதையலாவே கிடைச்சுது. அப்புறம் நொய்யலைப் புடிச்சுட்டு நடந்தாப் போதும். வெள்ளியங்கிரியில பொறந்து சுமார் 180 கி.மீ. ஓடி, கரூர் மாவட்டத்துல நொய்யல்ங்கற ஊருகிட்டயே காவேரியில சேந்துக்குது.

இதை விடப் பெரிய காரணம் கல்லு. படியூர்ல பச்சைக்கல், சிவன்மலையில நீலக்கல், சென்னிமலைப் பக்கம் இரும்புத்தாது. அகழாய்வுல இரும்பு உருக்கின உலையும் பாதி வேலையில நின்னுபோன மணிகளும் வந்துச்சு. பேரு கீறின பானை ஓடுகள் தனி. பதிற்றுப்பத்துல கபிலரும் அரிசில்கிழாரும் சொல்ற கொடுமணம் இதுதான்னு ஆய்வாளருங்க சொல்றாங்க. எங்க அப்பாரு காலத்துல மழை பேஞ்ச மக்யாநாளு காட்டுக்குள்ள கல்லு பொறுக்கவே ஆளுக சுத்துவாங்களாம்.

பேரூரான்:
எங்க கோயமுத்தூர்ப் பக்கம் வேற கதைங்க. மேல தென்மேற்குப் பருவமழை கொட்டும், ரெண்டு நாள்ல ஆறு வடிஞ்சுரும். அதனாலதான் சித்திரைச்சாவடியில தொடங்கி அணைக்கட்டு, வாய்க்கால், குளம்னு வரிசையா வெச்சுத் தண்ணியப் புடிச்சாங்க. உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர், சூலூர் எல்லாம் அந்த வரிசைதான்.

கரூர்ப்பையன்:
நன்றிங்கண்ணா. அந்த ஒரத்துப்பாளையம் அணையில இப்பப் பாசனம் உண்டா?

சென்னிமலையான்:
கேக்காதீங்க. 1992ல பாசனத்துக்குன்னுதான் கட்டினாங்க. தேங்கினது திருப்பூர்ச் சாயத்தண்ணி. தொறந்தாக் கீழ இருக்கற வெள்ளாமைக் காடு போச்சு, மூடினாச் சுத்தியிருக்கற கிணறு போச்சு. 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. கழிவை ஒரு சொட்டுக்கூட வெளிய விடாம சுத்திகரிச்சாத்தான் ஓட்டலாம்னு ஆச்சு. எங்க கிணத்துல உப்பு இன்னும் போகல. மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும். தென்னை வெக்கறதையே விட்டுட்டோம்.

அடுத்த தடவை வந்தா அணையோட திரும்பிராதீங்க. கொடுமணல் ஈமக்காட்டுல கல்வட்டமும் நெடுங்கல்லும் இருக்கு, பொறுமையாப் பாருங்க. வெயிலுக்கு முன்னாடி போயிருங்க, அங்க ஒதுங்க நிழல் கிடையாது.