பூட்ஸ் கம்பெனியில் உழைத்தவர்களை நேரில் சந்தித்த அனுபவம் உண்டா? இந்தக் கேள்விக்கு மூன்று பேர் எழுதிய பதில்கள் இவை.

எனக்குப் பணகுடிப் பக்கம் காற்றாலைக் காத்தாடி சர்வீஸ் வேலை. ஆனி, ஆடிக் காற்றில் டவர் ஏறி இறங்கினால் சேஃப்டி பூட்ஸ் வருசம் தாங்காது. போன ஆடியில் வலது கால் சோல் வாயைப் பிளந்துவிட்டது. வள்ளியூர் பஸ் ஸ்டாண்ட் அருகே குடைக்கடியில் தைக்கிற பெரியவரிடம் கொடுத்தேன். ஊசியை எடுக்காமல், பிளந்த இடத்தில் விரலை விட்டுத் தடவினார்.

"தோலு மினுமினுப்பச் சொறண்டாம பசையப் பூசிருக்கான் தம்பி. அப்புறம் எப்படிப் பிடிக்கும்?"

"அண்ணாச்சிக்கு எப்படித் தெரியும்?"

"ஆம்பூர்ல பத்தொம்பது வருசம். லாஸ்டிங்."

கால் வடிவக் கட்டைக்கு மேலே தோலை இழுத்து ஷூவுக்கு உருவம் கொடுப்பதுதான் லாஸ்டிங். சொன்னால் புரியாது என்று, ஒரு துண்டுத் தோலை நனைத்து, தன் இடது முட்டியையே கட்டையாக வைத்துச் செய்து காட்டினார். முதலில் ஷூ மூக்கின் நடுவில் குறடால் ஒரு இழுப்பு. அப்புறம் இரண்டு பக்கமும், கடைசியில் குதிகால். மேலே ஒரு சுருக்குகூட விழக்கூடாது; எல்லாச் சுருக்கும் அடியில் சின்னச் சின்ன மடிப்பாக ஒளிய வேண்டும். அவருடைய வலது கைப் பெருவிரல் கணு வீங்கி, நெல்லிக்காய் மாதிரி இருந்தது.

பிறகு லாஸ்டிங்குக்கு மிசின் வந்ததும் அவரைப் பசை பூசுகிற பக்கம் மாற்றியிருக்கிறார்கள். சொல்யூஷன் நெடியில் சாயங்காலம் ஆனால் தலை கிறுகிறுக்குமாம். வேலையை விட்டு வந்து பிஎஃப் பார்த்தால் எட்டு வருசம்தான் கணக்கில் ஏறியிருக்கிறது. மீதிப் பதினொரு வருசம் எங்கே போயிற்று? கேட்கப் போன இடத்தில் ஆள் மாறி ஆள் கைகாட்டியிருக்கிறார்கள். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

லாஸ்டிங் மிசினை வெற்றிகரமாகச் செய்தவர் கதை எனக்குத் தெரியும், சொன்னேன். யான் மாட்செலிகர், சுரினாமில் பிறந்த கறுப்பினத் தொழிலாளி. அமெரிக்காவில் லின் நகரத்து ஷூ ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டே, லாஸ்டிங் ஆட்களின் கை போகிற போக்கைக் கவனித்துக் கவனித்து மிசின் செய்து, 1883-ல் காப்புரிமை வாங்கினார். கையால் நாளைக்கு 50 ஜோடி முடிந்த இடத்தில் மிசின் 150-ல் தொடங்கி 700 வரை இழுத்தது. அவரோ காசநோயில் 36 வயதிலேயே போய்விட்டார்.

பெரியவர் குறடைக் கீழே வைத்தார். "அப்ப எங்க கையப் பாத்துத்தான் மிசினே வந்திருக்கு" என்றார். அப்புறம்தான் என் சோலைச் சுரண்ட ஆரம்பித்தார்.

மானூர்க்காரர் எழுதியது:

எங்க ஆச்சி சொல்லுவா, அவ அம்மை காலத்துல காட்டுல ஆவாரம்பட்டை உரிச்சு, கட்டுக் கட்டி வண்டியில ஏத்துவாங்களாம். தோல் பதனிட. விரலெல்லாம் கறை ஏறி, சோறு பிசையும்போதும் துவர்க்குமாம். அன்னைக்குச் சென்னை மாகாணத்துல ஆவாரம்பட்டையில பதனிட்ட மாட்டுத்தோலுக்குச் சீமையில நல்ல கிராக்கி. முதல் உலகப்போர்ல ராணுவ பூட்ஸுக்குன்னு சர்க்காரே அந்தத் தோலை மொத்தமா வாங்குச்சு. பட்டாளத்துக்காரன் காலு வரைக்கும் போன பட்டை எந்தக் காட்டுல உரிச்சதுன்னு ஆச்சியோட அம்மைக்குத் தெரிஞ்சிருக்க வழியில்ல.

பாளையங்கோட்டையிலிருந்து ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்ட ஒருத்தி:

எங்க தெருவில் அப்பர், அதாவது ஷூவின் மேல் பாகம், தைக்காத வீடு குறைவு. ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்; ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. கம்பெனிப் பதிவேட்டில் இந்தப் பெண்கள் பெயரே கிடையாது. 1905-ல் இங்கிலாந்தின் ரான்ட்ஸ் ஊரில் ராணுவ பூட்ஸ் செய்த 115 பேர், ஜோடிக் கூலியைக் குறைத்ததை எதிர்த்து லண்டனுக்கே நடந்து போனார்கள் என்று படித்தபோது பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். "அவங்களுக்குக் கூலி ஏறிச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். நூல் அறுக்காமல் இருக்க விரலில் சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றியிருந்தார். ஏறியது என்றேன். ட்யூபைக் கழற்றி, வெந்து வெளுத்த விரலைக் கொஞ்ச நேரம் காற்றாட வைத்துக்கொண்டார்.