1961–64 லிங்கன் கான்டினென்டல்: டிரம் பிரேக்கோடு இருப்பதா, டிஸ்க்குக்கு மாறுவதா?

வி8_வேலன்:
கான்டினென்டலில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் (சுழலும் தட்டை இருபுறமும் பேட்கள் கவ்வும் பிரேக்) வந்தது 1965 மாடலில்தான். அதற்கு முந்தைய நான்கு வருஷக் கார்களில் நாலு சக்கரமும் டிரம் (சக்கரத்தோடு சுழலும் உருளையை உள்ளிருந்து ஷூக்கள் அழுத்தும் பிரேக்). 64 கன்வர்ட்டிபிள் காலியாகவே கிட்டத்தட்ட 2,400 கிலோ. முன்னால் 430 கன அங்குல வி8. இவ்வளவு கனத்தை நெடுஞ்சாலை வேகத்திலிருந்து அடுத்தடுத்து மூன்று நான்கு முறை நிறுத்தினால் டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே போகும். ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கின் பிடிமானமும் குறைவதால், ஒரு ஷூ இன்னொன்றைத் தள்ளி இறுக்கும் அந்த டிசைனே நமக்கு எதிராகத் திரும்பும்: பிடிமானம் கொஞ்சம் குறைந்தாலே நிற்கும் திறன் மடமடவென்று சரியும். டிஸ்க்கில் இந்தத் தொல்லை இல்லை. ஓட்டுவதற்காக ரெஸ்டோர் செய்யும் எவரும் முன்பக்கம் டிஸ்க் போட்டே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

குரோம்_பம்பர்:
போட்டே ஆக வேண்டும் என்பதை ஏற்கவே முடியாது. 61 முதல் 63 வரை இந்தக் காருக்கு 14 அங்குல வீல், 64-ல்தான் 15 அங்குலம். டிஸ்க்கில் பேட்களை அழுத்தும் கேலிப்பருக்கு இடம் வேண்டும். 14 அங்குல வீல் உள்ள காருக்கு டிஸ்க் கிட் வாங்கினால் பெரும்பாலும் வீலும் மாற வேண்டும். ஒரிஜினல் வீல் கவர் பெட்டிக்குள் போகும். காரின் பக்கவாட்டுத் தோற்றமே வேறாகிவிடும். 64-ல் கன்வர்ட்டிபிள் செய்ததே 3,328 கார்கள். அதில் வெட்டாமல் ஒட்டாமல் மிஞ்சியவை எத்தனை இருக்கும்?

‘டிரம் பிடிக்கவில்லை’ என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் டிரம்மின் குற்றமே இல்லை. ஒவ்வொன்றாகப் பாருங்கள். கடைசல் கொடுத்துப் பெரிதான டிரம்முக்குள் ஸ்டாண்டர்டு வளைவுள்ள ஷூவை மாட்டினால் நடுவில் மட்டும்தான் உரசும். லைனிங் முழுக்கச் சாக்பீஸ் தேய்த்து, டிரம்மை மாட்டி, பிரேக்கை லேசாக அழுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கழற்றுங்கள். நடுவில் ஒரு பட்டை மட்டும் அழிந்து இரு முனையும் வெள்ளையாக நின்றால், ஷூவை அந்த டிரம்மின் அளவுக்கு வளைவு தேய்த்தே ஆக வேண்டும். இன்று இதைச் செய்யும் பட்டறைகள் குறைவு, ஆனால் தேடிப் போவது வீண் போகாது. டிரம் உள்விட்டம் மூல அளவைவிட 0.060 அங்குலத்துக்கு மேல் போயிருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள்.

லைனிங் நீளம் குறைந்த ஷூ காரின் முன்புறம் பார்த்து இருக்க வேண்டும். மாற்றி மாட்டிய கார்கள் ஏராளம். தேய்மானத்துக்கு ஏற்ப ஷூவைத் தானாக நெருக்கும் திருகான செல்ஃப் அட்ஜஸ்டருக்கு இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர். இடம் மாறினால், ரிவர்ஸில் பிரேக் அடிக்கும்போதெல்லாம் ஷூவை நெருக்குவதற்குப் பதில் தளர்த்திவிடும்.

அப்புறம் ரப்பர் ஹோஸ். முன்னால் இரண்டு, பின் ஆக்சிலுக்கு ஒன்று. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ஊதிப்போய் ஓட்டை அடைத்திருக்கும். மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. அந்தச் சக்கரம் பிடித்தபடியே ஓடும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நாலு டிரம்மையும் அளந்து பாருங்கள், குற்றவாளி தெரிந்துவிடும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது, நனைத்துத் துடையுங்கள்.

இரட்டைக்_குழாய்:
இருவரும் முதலில் பேச வேண்டியதை விட்டுவிட்டீர்கள். இந்தக் கார்களில் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது) ஒற்றை அறை. ஒரு வீல் சிலிண்டர் கப் (சக்கரத்திலுள்ள சிறு சிலிண்டரின் ரப்பர் அடைப்பு) கிழிந்தாலோ ஒரு குழாய் துருப்பிடித்து வெடித்தாலோ நாலு சக்கரமும் ஒரே நொடியில் போய்விடும். காடிலாக் 1962-லேயே இரட்டை மாஸ்டர் சிலிண்டர் கொடுத்தது. லிங்கனுக்கு 1967-ல்தான் வந்தது. டிஸ்க்கா டிரம்மா என்பது நிற்கும் தூரம் பற்றிய விவாதம். இது நிற்குமா நிற்காதா என்ற விவாதம். டிரம்மே வைத்துக்கொள்ளுங்கள், மாஸ்டர் சிலிண்டரை மட்டும் மாற்றுங்கள்.

குரோம்_பம்பர்:
இதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு இரட்டைச் சிலிண்டரை பூஸ்டரில் (கால் அழுத்தத்தைப் பெருக்கும் பகுதி) மாட்டினால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. துளை விட்டம் பெரிதானால் பெடல் கல்லாக இருக்கும், சிறிதானால் தரை வரை போகும். பூஸ்டரின் தள்ளுகம்பி நீளத்தை அளந்தே பொருத்த வேண்டும். அது துளி நீளமாக இருந்தாலும் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காது. ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும், ஓட ஓடச் சூட்டில் பிரேக் தானே இறுகும்.

இரட்டைக்_குழாய்:
சரியான எச்சரிக்கை. இன்னொன்றும் உண்டு. டிரம் குழாயில் 10 பிஎஸ்ஐ மிச்ச அழுத்த வால்வு வேண்டும், இல்லையென்றால் வீல் சிலிண்டர் கப் வழியாகக் காற்று உள்ளே ஏறும். வேலன் சொல்வதுபோல் முன்னால் டிஸ்க் போட்டால் அந்தக் குழாயில் இந்த வால்வு இருக்கவே கூடாது. டிரம்முக்கான மாஸ்டரை அப்படியே வைத்துக்கொண்டு டிஸ்க் மாட்டிய கார்களில் பேட் எப்போதும் உரசி ரோட்டர் (டிஸ்க் தட்டு) சூட்டில் நீலம் பாய்வது இதனால்தான். ஹைட்ராலிக் ஸ்டாப்லைட் ஸ்விட்ச் எந்தக் குழாயில் உட்காருகிறது என்பதையும் முன்னமே முடிவு செய்யுங்கள். அந்தப் பாதி செத்தால் பின்னாலுள்ள பிரேக் விளக்கும் எரியாது. பெடலிலேயே ஒரு மெக்கானிக்கல் ஸ்விட்ச் வைத்துவிடுவது நல்லது.

வி8_வேலன்:
மாஸ்டர் சிலிண்டர் விஷயத்தில் முழுச் சம்மதம். ஆனாலும் டிரம் பற்றி நான் சொன்னதற்குப் பதில் வரவில்லை. வளைவு தேய்த்து, ஹோஸ் மாற்றி, எல்லாம் கச்சிதமாகச் செய்த டிரம்மும் நீண்ட மலை இறக்கத்தில் சூடேறத்தான் செய்யும். தண்ணீரில் இறங்கி ஏறினால் முதல் இரண்டு மிதிக்குப் பிடிக்காது, அல்லது ஒரு பக்கம் இழுக்கும். இதை எந்தப் பராமரிப்பும் தீர்க்காது.

மாற்றுபவர்கள் கவனிக்க: டிஸ்க்குக்குத் தானாக இறுக்கும் குணம் இல்லாததால் அதிக அழுத்தம் வேண்டும், பூஸ்டர் ஆரோக்கியமாக இருக்க வேண்டும். என்ஜினை நிறுத்தி நாலைந்து முறை மிதித்து, காலை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் ஒரு விரல் அளவு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் டயாஃப்ரமையோ செக் வால்வையோ பாருங்கள். பின்சக்கரக் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும், அட்ஜஸ்ட் செய்யக்கூடிய ப்ரொபோர்ஷனிங் வால்வு கட்டாயம். நனைந்த காலி மைதானத்தில் சோதித்து, பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முந்திப் பூட்டாத இடத்தில் நிறுத்துங்கள். 65-ன் ஒரிஜினல் நாலு பிஸ்டன் கெல்சி-ஹேய்ஸ் கேலிப்பர் கிடைத்தால் பிஸ்டன் துளைகளில் துருக்குழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போடாமல் சீல் மட்டும் மாற்றுவது காசைக் கரியாக்கும் வேலை.

கராஜ்_கண்மணி:
நீங்கள் யாரும் ஆயிலைத் தொடவில்லையே. இந்தக் கார்கள் மாதக்கணக்கில் நிற்பவை. டாட் 3 வகை பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிப்பது, ஈரம் ஏறினால் 140-க்கு இறங்கலாம். வேலன் அண்ணா சொல்லும் மலை இறக்கத்தில் பெடல் தரைக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம், டிரம் மட்டும் அல்ல. உட்புறத் துருவும் இதனால்தான். முழுதும் பிரித்து எல்லா ரப்பரையும் புதிதாகப் போடும் கட்டத்தில் சிலிக்கான் டாட் 5 ஊற்றினால் வருஷக்கணக்கில் கவலை இல்லை, பெயின்ட்டில் சிந்தினாலும் அரிக்காது.

குரோம்_பம்பர்:
கண்மணி, சிலிக்கானில் நுண்குமிழி தங்கும், ஏர் எடுத்தாலும் பெடல் கொஞ்சம் பஞ்சாகவே இருக்கும். உள்ளே போகும் தண்ணீர் கலக்காமல் தாழ்ந்த இடத்தில், அதாவது வீல் சிலிண்டரிலேயே, தேங்கி அங்கேயே அரிக்கும். ஹைட்ராலிக் ஸ்டாப்லைட் ஸ்விட்சும் அதில் சீக்கிரம் சாகும். டாட் 3-ஐயோ 4-ஐயோ இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள், வீல் சிலிண்டருக்குப் பித்தளை ஸ்லீவ் போடுங்கள், குழாயை நிக்கல்-செம்புக் கலவையில் வளையுங்கள். எது செய்தாலும் சிலிக்கானை டாட் 3, 4-ஓடு கலக்காதீர்கள்.

வேலனுக்கு: டிஸ்க்கோடு இது நிற்காது. இந்தக் காரின் வைப்பர் பவர் ஸ்டீயரிங் பம்பின் ஆயில் அழுத்தத்தில் ஓடுவது. அது ஒழுகினால் எலக்ட்ரிக் மோட்டார், அப்புறம் கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்ஷன் என்று போனால் மிஞ்சுவது லிங்கனின் தகடுதான்.

வி8_வேலன்:
வைப்பர் ஒழுகினால் சீல் மாற்றி அதையே ஓட்டுவேன், அதில் உயிர் போகாது. பிரேக்கை அதோடு சேர்க்காதீர்கள். ஒன்று ஒப்புக்கொள்கிறேன்: போல்ட்டில் பொருந்தும் கிட் மட்டும்தான், எதையும் வெட்டுவதோ வெல்டு அடிப்பதோ கூடாது.

குரோம்_பம்பர்:
அப்படிச் செய்பவர்கள் டிரம், பேக்கிங் பிளேட், ஷூ, ஒரிஜினல் வீல் ஐந்தும் ஸ்டெப்னியோடு சேர்த்து எண்ணெய் பூசி, இடம் வலம் எழுதிக் கட்டி வைத்து, காரோடு சேர்த்தே விற்கட்டும். ஏஏசிஏ (அமெரிக்கப் பழங்கார் சங்கம்) மதிப்பீட்டில் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைதான் அளவுகோல். அடுத்து வாங்குபவருக்குத் திரும்பிப் போகும் வழி இருக்க வேண்டும். என் ஓட்டு இன்னும் டிரம்முக்குத்தான்.